பாதிப் பானைக்கு மேல் வேண்டாம்

பாதிக்கு மேல் போகக்கூடாது, பானையின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அளந்துகொள்கிறாள் மெற்றில்டா, விரல் நின்ற இடம் வரைக்கும்தான் கோழி எலும்பு வேகவைத்து வடித்த தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது, மேல்பாதி வெறும் ஆவியாக நிற்கட்டும், மிச்சத் தண்ணீருக்கு இன்னொரு பானை, அதுவும் பாதி, இரண்டு அடுப்பில் இரண்டு பாதிப் பானைகள், மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, ஒன்றரைக்கு வாகைக்குளத்தில் விமானம் இறங்கும், இரண்டு மணிக்குக் கஸ்பார் வாசலில் நிற்பார், ஒன்பது மாதத்துக்குப் பிறகு புருஷன் வீட்டுக்கு வருகிற நாளில் ஒரு பெண்பிள்ளைக்கு நெஞ்சு ஒரு நிலையிலா இருக்கும், விடிந்ததிலிருந்து மூன்று சேலை மாற்றியாயிற்று, மூன்றாவதிலும் பூண்டு மணம் ஏறிவிட்டது, ஏறட்டும், அவருக்குப் பிடித்த மணம்தானே. இத்தாலிக்காரர்களின் உல்லாசக் கப்பலில் எட்டு வருஷமாகச் சூப்பு வைக்கிறவர் அவர், உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் கிரீமும் போட்ட ஒரு சூப்பு, ஆயிரம் பேர் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்பார்களாம், அதை இந்தத் தூத்துக்குடி வீட்டில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, லீவில் வந்தால் அவருக்குக் குழம்பும் பொரித்த மீனும்தான் வேண்டும், சூப்பு என்று பேச்செடுத்தாலே கையெடுத்துக் கும்பிடுவார், ஆனால் போனில் ஒருநாள், அது எந்தத் துறைமுகம், பின்னால் கடற்பறவை கத்திக்கொண்டிருந்தது, ஒரு நாளாவது அந்தச் சூப்ப நாற்காலியில உக்காந்து, தட்டு வச்சு, ஒரு மனுசனப்போலக் குடிக்கணும்ட்டி என்றார், எட்டு வருசமா நின்னமானிக்குக் குவளையில ருசி பாக்கதோட சரி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தன் கையால் வைத்து, நாற்காலி போட்டு, உட்காரவைத்து, அவரைக் குடிக்கவைப்பது என்று.

செய்முறையை அவரிடமே கறந்தாள், ஒரே நாளில் இல்லை, ஒன்பது போனில், பாதியில் லைன் அறுந்துபோகும், அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள், எல்லாவற்றையும் பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் எழுதி வைத்தாள், அதுவும் கப்பல் அளவில், உருளைக்கிழங்கு எண்பது கிலோ, பூண்டு நாலு கிலோ, உப்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரு சட்டி என்பார், எந்தச் சட்டி, எங்க கப்பல்ச் சட்டிதான் என்பார், அந்தச் சட்டியை இவள் எங்கே போய்ப் பார்ப்பது, எண்பதை ஒன்றரையாக்கி மற்றதை எல்லாம் வகுத்து, உப்பை மட்டும் மாதாவிடம் ஒப்படைத்தாள். இப்போது கறி தயாராக இருக்கிறது, பொடியாகக் கொத்திய பன்றி இறைச்சி, அதில் நசுக்கிய பூண்டு, மிளகு, ஒன்றிரண்டாய் இடித்த மிளகாய் வத்தல், ஒரு கைப்பிடி சோம்பு, இத்தாலிக்காரன் இதைக் குடலுக்குள் அடைத்துத் தொங்கவிடுவானாம், சூப்புக்கு வரும்போது அந்தத் தோலை உரித்து உதிர்த்துப் போடுவானாம், உரிக்கத்தான போறான், அப்புறம் எதுக்கு அடைக்கான் என்று போனில் கேட்டபோது அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு, நீ கேட்டதைத் தலைமைச் சமையல்காரர்ட்ட சொல்லுதேன் என்றார், ஆகவே இவள் அடைக்கவில்லை, நேரே வாணலியில் போட்டாள், கொழுப்பு உருகிச் சடசடவென்று பொரிந்தது, சோம்பு வாசம் ஏறியது, ஏறிய நொடியில் அது கிறிஸ்துமஸ் காலை, நடுச்சாமப் பூசை முடிந்து வந்து படுக்காமலே அடுப்பில் ஏற்றிய பன்றிக்கறி, புதுச்சட்டையில் கஸ்பார், கல்யாணம் ஆகி முதல் கிறிஸ்துமஸ், கரண்டியைப் பிடுங்கி, நீ தள்ளு, சோம்பு கருகுது என்கிறார், பனியனோடு நின்று கிண்டுகிறார், அன்றைக்கு அவர் கப்பலைத் தூரத்தில் பார்த்ததோடு சரி, அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இந்த முதுகு எங்கேயும் போகாது என்று நினைக்கிறாள், கறி சிவந்துவிட்டது, கிளறு கிளறு, முதுகு இல்லை, அவள்தான் நிற்கிறாள்.

போகாதிய என்று சொல்லியிருக்கலாம், போன வாரம் சொல்லியிருக்கலாம், வாய்வரைக்கும் வந்தது. தலைமைச் சமையல்காரர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு மெற்றி, அடுத்த தடவ போனா சூப்புப் பிரிவே என் பொறுப்பு, எனக்குக் கீழ ஆறு பேரு, உசந்த தொப்பி, வாரேனா இல்லியான்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம் என்றார், குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. நீங்க என்ன சொன்னிய என்றாள். வீட்டுக்கு வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன் என்றார். எட்டு வருஷம் காத்திருந்த தொப்பி, அதைத் தட்டிப்பறித்த பெண்டாட்டி என்ற பேர் அவளுக்கு வேண்டாம், ஆனால் அவர் வேண்டும், அதுதான் உண்மை, ஒளிக்க என்ன இருக்கிறது, மாதா கோவில் பக்கம் நாலு பெஞ்சு போட்டு ஒரு கடை வைக்கலாம்ட்டி என்று ஒவ்வொரு லீவிலும் அவர்தானே சொன்னார், சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினதும் அவர்தான், இன்றைக்கு வெள்ளி, நடுவில் இரண்டே நாள், இந்தச் சூப்பை வைத்து அவரை இருத்திவிட முடியும் என்று அவள் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. வெங்காயத்தைக் கறிக்கொழுப்பிலேயே வதக்கினாள், எலும்புத் தண்ணீர் கொதித்தது, ஊட்டி உருளைக்கிழங்கைத் தோலோடு அரைவட்ட வில்லைகளாக நறுக்கி இரண்டு பானைக்கும் சரிபாதியாகப் பிரித்துப் போட்டாள், வில்லைகள் முங்கி எழும்பின, ஜன்னலுக்கு வெளியே வெயில் தண்ணீரைப்போல அசைந்தது, ஆவியில் பார்க்க ஜன்னல் வட்டமாக இருக்கிறது, தரை மெல்லச் சாய்கிறது, பின் மறுபக்கம் சாய்கிறது, வெள்ளைத் தொப்பி போட்ட ஆறு பேர் அவளைச் சுற்றி வரிசையில் நிற்கிறார்கள், எல்லார் கையிலும் காலித் தட்டு, எல்லார் முகமும் கஸ்பார் முகம், யாரைக் கேட்டு இவ்வளவு பேர் வந்தீர்கள், பானை பாதிதான் இருக்கிறது.

எட்டி, அடுப்பப் பாத்துக்கிட்டே தூங்குதியா என்றாள் ஃப்ளோரா மதினி, கஸ்பாரின் அக்காள், அடுத்த வீடு, கதவைத் தட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. இது என்னட்டி, பன்னிக்கறியில பாலப்போய் ஊத்தப்போறியாம. பாலில்ல மதினி, கிரீமு. ரெண்டும் ஒரே மாடுதான என்றாள் மதினி, ஒரு வில்லையை எடுத்து ஊதி வாயில் போடப் போனாள், மெற்றில்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், வேண்டாம் மதினி, மொத வாய் அவியளுக்குத்தான், நானே இன்னும் நாக்குல வைக்கல. உப்புகூடப் பாக்காமலா வச்ச என்றாள் மதினி, பார்வை மேசைப் பக்கம் போனது, அங்கே எல்லாம் ஆயத்தமாக இருந்தது, ஈரத்துணியைப் பிழிந்து மேசை முழுக்க விரித்து அதன்மேல் தட்டு, அரைத் தம்ளர் தண்ணீர், பாத்திர அலமாரியின் கதவுப்பிடிகளைச் சேர்த்து ஒரு ரப்பர் வளையம், இத்தாலிக்காரன் மரியாதைன்னா மரியாதைதான் என்று தலையை ஆட்டினாள், எங்க வீட்டுலயும் விரிச்சுப் பாத்தேன், உங்க அண்ணன் துணிய எடுத்து முகத்தத் தொடச்சிட்டாரு. கஸ்பார் முதல் லீவில் வந்தபோது தொடங்கிய மரியாதை அது, சாப்பிட உட்காருமுன் தானே எழுந்துபோய்த் துணியை நனைத்து விரித்தார், தம்ளரில் அவள் நிறைய ஊற்றிய தண்ணீரில் பாதியைத் திரும்பச் செம்பில் சாய்த்தார், குழம்புச் சட்டி நிறைந்திருந்ததைப் பார்த்து முகம் மாறி, பாதிக்கு மேல வைக்காத மெற்றி, எப்பவும் பாதிக்கு மேல வைக்காத என்றார், அவள் ஏன் என்று கேட்கவில்லை, பெரிய பெரிய துரைமாரோடு இருந்துவிட்டு வந்த மனுஷன், நாசூக்கு தெரிந்தவர், நமக்குத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்வதுதான் அழகு, ஏன் என்று கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார், கற்றுக்கொண்டாள், சோறு பாதி, குழம்பு பாதி, தம்ளர் பாதி, மகள் பிரின்சி சிறுபிள்ளையாய் இருக்கும்போதே, எம்மா, நம்ம வீட்டுல மட்டும் ஏன் தட்டு நழுவாது என்று கேட்டாள், இப்போது நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சாயந்தரம் பஸ்ஸில் வருவாள், அவளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும்.

இனிக் கீரை, கறுப்புப் பச்சையில் சுருட்டை முடிபோல ஒரு கீரை போடுவார்களாம், அது இங்கே எந்தச் சந்தையிலும் இல்லை, மதினி வீட்டு மரத்து முருங்கைக்கீரைதான், உருவி அலசி இரண்டு பானையிலும் தூவினாள், உதிர்த்த கறியைச் சேர்த்தாள், கிரீமைக் கிண்ணத்தில் ஊற்றினாள், இந்த இடம்தான் கண்டம், தெறிக்கத் தெறிக்கக் கொதிக்கிற சூப்பில் கிரீமைக் கொட்டினால் திரிந்து தயிராய்ப் போகும், தீய அமத்து, மொதல்ல ஒரு கரண்டிச் சூப்ப எடுத்துக் கிரீம்ல கலக்கி அதப் பழக்கு, புது இடத்துக்குப் போற பிள்ளையப்போல மெல்லப் பழக்கு, பெறகு ஊத்து, ஏழாவது போனில் அவர் சொன்னது, லைன் அறவில்லை அன்றைக்கு, அவள் தீயை அமர்த்தி ஒரு கரண்டி கலந்தாள், இன்னொரு கரண்டி, வாசலில் கார் சத்தம், மதினி, எட்டி, தம்பி வந்துட்டாம்ட்டி என்று ஓடினாள், ஓடட்டும், இவள் அசையக்கூடாது, இப்போது கையை எடுத்தால் எட்டு வருஷமும் திரிந்துபோகும், நூல்போல ஊற்றினாள், ஒரு பானை, அடுத்த பானை, பழுப்பு மெல்ல வெளுத்து சந்தன நிறத்துக்கு வந்தது, திரியவில்லை, மேலே சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மட்டும் மினுங்கின, திரியவே இல்லை, சந்தோஷத்தில் கரண்டியைக் கீழே வைக்க மறந்து அதோடு வாசலுக்கு ஓடினாள், கஸ்பார் பெட்டியும் கையுமாக நின்றார், இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது, அவரைப் பார்த்ததும் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், கையக் கழுவிட்டு வாங்க, ஆறிரும் என்றாள்.

உட்கார்ந்தார், நாற்காலியில், ஒரு மனுஷனைப்போல, அவள் ஊற்றினாள், ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார், மதினி கதவோரம் நின்று, பிழைப்பானா மாட்டானா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் இரண்டாவது கரண்டி எடுத்தார், மூன்றாவது, பிறகு, உப்பு ஒரு கல்லு கூட, முருங்கைக்கீர நல்லாருக்கு, என் சூப்ப விட நல்லாருக்குட்டி என்றார், இன்னும் கொஞ்சம் ஊத்து என்று நீட்டியபோதுதான் தட்டுக்கடியில் ஈரத்துணியைத் தொட்டார், அரைத் தம்ளர் தண்ணீரைப் பார்த்தார், ரப்பர் வளையம் மாட்டிய அலமாரியை, கடைசியாக அடுப்பில் இரண்டு பாதிப் பானைகளை. எதுக்கு மெற்றி ரெண்டு பானை, ஒண்ணுலயே கொள்ளுமே. பாதிக்கு மேல வைக்கக்கூடாதுல்லா, நீங்கதான சொன்னிய என்றாள். இந்தத் துணி, நான் வாரேன்னு விரிச்சியா. எப்பவுந்தான் விரிக்கேன். நான் இல்லாதப்பமுமா. நீங்க இல்லாதப்பமுந்தான், நான் ஒருத்தியா உக்காந்து சாப்பிட்டாலும் விரிச்சிதான் சாப்பிடுவேன், நாலு பேருக்கு நடுவுல போனா நாசூக்கு தெரியணும்லா. கஸ்பார் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது, நாசூக்கு இல்லட்டி, கப்பல் ஆடும், தட்டு வழுக்கிப் போயிரக்கூடாதுன்னு ஈரத்துணி, அலமாரி தொறந்து பாத்திரம் உருண்டிரக்கூடாதுன்னு ரப்பரு, கொதிக்கது தளும்பி ஆள் மேல கொட்டிரக்கூடாதுன்னு பாதிப் பானை, என் கண்ணு முன்னால ஒருத்தன் காலெல்லாம் வெந்துபோச்சு, அதுலயிருந்து நெறஞ்ச பானையப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும், வீட்டுக்கு வந்தாலும் நடுங்கும், ஒங்கிட்டச் சொல்லணும்னே தோணல. முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஈரத்துணியால்தான் துடைத்தார். எட்டு வருசமா நான் ஒருத்தன்தான் கப்பல்ல கெடந்து ஆடுதேன்னு நெனச்சிட்டிருந்தேன், நீயும் இங்கன கப்பல்லதான் இருந்திருக்க என்றார்.

அவளுக்கு வெட்கம் முதலில் வந்தது, பிறகு கோபம், மதினி சத்தமில்லாமல் தன் வீட்டுக்கு நடந்தாள், வாழ்நாளில் முதல் தடவையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கஸ்பார் எழுந்து அடுப்படிக்குப் போனார், ஒரு பானையைத் துணி போட்டுத் தூக்கினார், மற்றப் பானைமேல் சாய்த்தார், என்னங்க, பாதிக்கு மேல போகுது என்றாள், போகட்டும் என்றார், முக்கால் ஆனது, அவர் கை நடுங்குவதை அவள் பார்த்தாள், நடுங்கிக்கொண்டே ஊற்றினார், கழுத்துவரை வந்தது, உருளை வில்லையும் கீரையும் சந்தன நிறமும் ஏறி ஏறி விளிம்பைத் தொட்டன, காலிப் பானையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், மேல்பரப்பு ஒருமுறை நலுங்கி நின்றது, அப்படியே நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை. ஆடல மெற்றி என்றார். ஆடாதுங்க, வீடுல்லா என்றாள். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே போன் பண்ணி வரலன்னு சொல்லிருதேன், தொப்பிய வேற யாருக்காவது வைக்கட்டும் என்றார், அவள் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலைப் பானைக்குள் அளக்க நீட்டினாள், அளக்க இடமே இல்லை, விளிம்பிலேயே சூப்பு விரலைச் சுட்டது, சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டாள், எட்டு வருஷம் போனில் மட்டுமே கேட்டிருந்த ருசி, உப்பு ஒரு கல் கூடத்தான்.