குரலுக்கும் நூறு மீட்டர்

மூன்று வாரமாக வேனில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பேசிப் பேசி, சொந்தப் பெயரே மறந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. தெருவே அவளை மைக்கு என்றுதான் கூப்பிட்டது. மற்ற நாட்களில் துணிக்கடை வாசலில் நின்று தள்ளுபடி விவரம் அறிவிப்பது அவள் வேலை. உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் குடைச் சின்னத்தில் நின்றவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். "உங்கள் சின்னம் குடை, குடை, குடை" என்று சொல்லும்போது மூன்றாவது குடையை மட்டும் ஓர் இழுப்பு இழுப்பாள். அந்த இழுப்பைக் கேட்காமல் அந்த வட்டாரத்தில் யாரும் பல் விளக்கவில்லை, படுக்கவும் இல்லை.

வாக்குப்பதிவன்று காலை மாமியாரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு ஓட்டுப்போடக் கிளம்பினாள். மாமியார் முப்பது வருடம் தறி ஆலையில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. காதுக்கு வைக்கிற கருவி வாங்கிக் கொடுத்தார்கள்; கொர்ரென்கிறது என்று அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மருமகள் குரல் மட்டும் எந்தக் கருவியும் இல்லாமல் கேட்கும். "பொண்ணு பார்க்கப் போன இடத்துல எல்லாரும் வாயை வாயை அசைச்சாங்க. இவ ஒருத்தி பேசினதுதான் எனக்குக் கேட்டுது. அங்கேயே முடிவு பண்ணிட்டேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் முன்னால், தெருவின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் யாரும் யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது, சின்னத்தைக் காட்டக் கூடாது. கோட்டில் நின்ற பெண் காவலர் மைக்கின் கையைப் பார்த்தார். மழை வருகிற மாதிரி இருந்ததால் மைக்கு ஒரு கறுப்புக் குடை எடுத்து வந்திருந்தாள்.

"இது உள்ள போகக் கூடாதே."

"மழைக்குப் பிடிக்கிறதுங்க. வீட்டுக் குடை."

"வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பேன். மைக்கு கையில குடையோட உள்ள போனான்னு தெரிஞ்சா, என் வேலைக்கு உலை வச்சிருவாங்க."

குடையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு இருவரும் வரிசையில் போய் நின்றார்கள். மாமியார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு மருமகளின் வெறுங்கையைப் பார்த்தார்.

"குடை எங்கே?" என்றார், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்க.

மைக்கு உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் கெஞ்சினாள்.

"என்ன உஷ்ஷுங்கிற? குடையை மறந்துடாதேன்னு வீட்டிலேயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இன்னைக்கு இருக்கிற நிலைமைக்குக் குடைதான் நம்மளைக் காப்பாத்தும்."

வரிசை குலுங்கிச் சிரித்தது. வாக்குச்சாவடி அறைக்குள் முகவராக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். எதிர்த்து நிற்கும் விளக்குச் சின்னத்தின் ஆள் அவர்.

"சார், இங்க பிரச்சாரம் நடக்குது, வந்து பாருங்க."

தலைமை அதிகாரி வந்தார். கடுமையான ஜலதோஷம்; கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

"சார், அத்தைக்குக் காது கேக்காது, அதான்..." என்று ஆரம்பித்தாள் மைக்கு.

"பார்த்தீங்களா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இந்தம்மா 'அத்தை'ன்னாலும் எனக்குக் குடைன்னுதான் கேக்குது. மூணு வாரமா காதுல ஏறிப்போன குரல் சார். இது உள்ள வரக் கூடாது."

"குடையை வெளிய வைக்கச் சொல்லலாம். குரலை வெளிய வச்சிட்டு வரச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையே" என்று ஒரு தும்மல் போட்டார் அதிகாரி. பிறகு அவள் பக்கம் திரும்பி, "எதுக்கும்மா வம்பு? ஓட்டுப் போடற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காம இருந்துடுங்க" என்றார்.

மைக்கு தலையாட்டினாள். வாயே பிழைப்பான ஒருத்தியை வாயை மூடிக்கொள்ளச் சொன்னால் எப்படியிருக்கும்? ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு தொண்டைக்கு அது சுகமாகத்தான் இருந்தது. அவள் தன் ஓட்டை ஊமையாகவே போட்டு முடித்தாள். அடுத்து மாமியார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் மேசையிலிருந்த அலுவலர்.

"கழுத்தா? வலி இருக்கத்தான் செய்யுது. தைலம் தேய்ச்சா கேக்கும்."

எப்படியோ கையைப் பிடித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். சீட்டைக் கொடுத்து, "மடிச்சுப் பெட்டியில போடுங்க" என்றார் இன்னொருவர்.

"இடிச்சுப் போட்டுட்டாங்களா? எந்தக் கட்டடத்தை?"

தலைமை அதிகாரியே எழுந்து வந்து கத்திப் பார்த்தார். அடைத்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வெளியே வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் அவர் சுவரோரம் நின்ற மைக்கைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் பேசுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க உட்காருங்க. நான் சொல்றதை மட்டும்தான் அவங்க சொல்லப் போறாங்க. ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது" என்றார் அதிகாரி.

அவர் முணுமுணுக்க, மைக்கு முழங்கினாள்.

"ஏதாவது ஒரே ஒரு கட்டத்துல முத்திரை குத்துங்க. சீட்டை மடிங்க. பெட்டியில போடுங்க."

பழக்கதோஷம், கடைசி 'போடுங்க' தானாகவே ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டது. கண்ணாடிக்கடைக்காரர் பாதி எழுந்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்தார்.

"இப்படிப் புரியற மாதிரி சொல்லுங்களேன். அது சரி, யாருக்குப் போடணும்னு சொல்லலையே?" என்றார் மாமியார்.

மைக்கு அதிகாரியைப் பார்த்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் அதையே உரக்கச் சொன்னாள்: "அது உங்க இஷ்டம்."

"எனக்குத் தெரியாதா? நீ வாய் தவறுறியான்னு பார்த்தேன்" என்று கண்ணடித்துவிட்டு, மாமியார் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மின்சாரமும் போனது. சன்னல்களைச் சாத்தியிருந்ததால் அறை கும்மிருட்டு.

"யாராவது விளக்கைப் போடுங்கய்யா" என்று ஒரு குரல் கேட்டது.

யார் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் மேசை அலுவலர் சிரித்தார், பிறகு வாசலில் நின்றவர்கள்.

"ஐயா, உங்க சின்னம் என்ன?" என்று இருட்டில் கேட்டார் தலைமை அதிகாரி.

"அட, வாய் தவறிடுச்சு சார்." வாசலில் நின்ற காவலரின் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிறகு அவருக்கே அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார்.

மாமியார் ஒன்றும் அறியாதவராகச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தார். முற்றத்தில் வரிசை நனைந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்துக்கு வரச்சொல்லிக் காவலர் ஊதிய விசில் மழையில் கரைந்துபோனது.

"தங்கச்சி, நீயே கூப்பிடேன். இந்த மழையை மீறிக் கத்த வேற யாரால ஆகும்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மைக்கு அதிகாரியைப் பார்த்தாள். அவர் தும்மலோடு தலையாட்டினார். அவள் வாசற்படியில் நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் தாழ்வாரத்துக்கு வாங்க. வரிசை கலையாம வாங்க. தரை வழுக்கும், பார்த்து வாங்க."

மொத்த வரிசையும் அப்படியே நகர்ந்து மேலே ஏறியது. மூன்று வாரத்தில் எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருப்பாள். இப்படிக் கண்ணெதிரே யாரும் வந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது.

"நான் யாருக்குப் போட்டேன் தெரியுமா?" என்று அப்போது தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தார் மாமியார்.

கண்ணாடிக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மைக்கு மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். சேறு தெறிக்க, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே, இரண்டு பேரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு சைக்கிள் கடை ஓரத்தில் போய் ஒதுங்கினார்கள்.

சுற்றிலும் ஆளில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே மைக்கு கேட்டாள், "இப்பச் சொல்லுங்க அத்தை. யாருக்குப் போட்டீங்க?"

மாமியார் மழையைப் பார்த்தபடி புடவைத் தலைப்பைப் பிழிந்தார்.

"என்னம்மா சொல்ற? ஒண்ணும் கேக்கலையே" என்றார்.