டிக்கியில் சிலிண்டர்

கார் டிக்கியைத் திறந்து பார்த்த கோதைக்கு வந்த கோபத்தில், அதை மூட இரண்டு தடவை அறைய வேண்டியிருந்தது. உள்ளே ஒரு வெள்ளை சிலிண்டர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டை மடித்து வைக்கலாம். மாவு வாளி வைக்க முடியாது.

"காருக்கு கேஸ் போடலாமான்னு கேட்டேன். போடுங்கோன்னு நீதானே சொன்னே?" என்றார் அவள் கணவர் பத்ரிநாத்.

அவர் கேட்டது உண்மை, அவள் சொன்னதும் உண்மை. பெட்ரோல் டேங்க் மாதிரி அதுவும் வண்டிக்கு அடியில் எங்கேயோ மாட்டியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எங்கே உட்காரும் என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் தோன்றவில்லை. "பின் சீட் சும்மாதானே கிடக்கு" என்று பதிலை மட்டும் தயாராக வைத்திருந்தார். காலமெல்லாம் வங்கியில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். வீட்டில் எதைப் பார்த்தாலும் அதைத் திருத்தாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். குக்கர், மிக்ஸி எல்லாம் முடிந்து இப்போது காரின் முறை.

அந்தப் பழைய வேகன்-ஆர் கோதையுடையது. ஐம்பதை எட்டும் வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இட்லி மாவு விற்ற காசில் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. விஷ்ராந்த்வாடியில் தன் சமையலறையில் மாவு அரைத்து, சனிக்கிழமைதோறும் ஊரின் இன்னொரு பகுதியான கராடிக்குக் கொண்டுபோய், ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் கொடுத்துவிட்டு வருவாள். விடியற்காலையில் அரைத்த மாவு. காலையில் வாங்கி மேடையில் வைத்தால் ராத்திரிக்குள் பொங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் இட்லி ஊற்ற வேண்டியதுதான். அதை நம்பித்தான் பத்துப் பன்னிரண்டு வீடுகள் அவளிடம் வாங்கின.

போன வாரம் கிருஷ்ணப்ரியா போன் பண்ணினாள். கோயம்புத்தூர்ப் பெண், கராடியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் குழு நடத்துபவள்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை எங்க கிளப் ஹவுஸ்ல பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் உங்களுக்கு ஒரு டேபிள் கேட்டு வாங்கியிருக்கறேனுங்க. நாப்பது வீடு இருக்குது. ஒருக்கா வாங்கிப் பாத்துட்டாங்கன்னா அப்புறம் வாராவாரம் உங்ககிட்டத்தான். லேட் மட்டும் பண்ணிராதீங்க."

அன்று ராத்திரி கோதைக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

சனிக்கிழமை, மே மாத வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. நான்கு வாளிகளும் பின் சீட்டில் ஏறின. பத்ரிநாத் அவற்றை இழுத்து சீட் பெல்ட் மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

வண்டி கிளம்பியதும், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் புதிதாகப் பொருத்தியிருந்த குட்டி ஸ்விட்சில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு மினுக்கியது. கேஸ் தீரப் போகிறது. பெட்ரோல் முள்ளும் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல பெட்ரோல் போட்டுண்டு போயிடலாம்" என்றாள் கோதை.

"கேஸ் வண்டிக்கு யாராவது பெட்ரோல் போடுவாளா? அப்பறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணேன்? ஏர்போர்ட் ரோட்டுல கேஸ் பங்க் இருக்கு. போற வழிதானே? பத்து நிமிஷம்."

"வரிசை இருந்துதுன்னா?"

"சனிக்கிழமை காலம்பற யார் வரப்போறா?"

எல்லோரும் வந்திருந்தார்கள். வரிசை பங்கிலிருந்து வெளியே வந்து, தெருமுனை திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் நீளத்துக்கு நின்றது. ஆட்டோக்கள் ஒரு பக்கம், கார்கள் ஒரு பக்கம். டிரைவர்கள் இறங்கி நின்று நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததுமே கோதையின் கை ரிவர்ஸ் கியருக்குப் போனது.

"வேண்டாம். விட்டுட்டுப் போயிடலாம்."

"இதோ நகர்றதே! நின்னாச்சு, இனிமே பாதியில போறதாவது?"

நகரத்தான் நகர்ந்தது. ஒரு கார் நீளம் நகரும், பிறகு உயிர் போய்விட்டது போல நிற்கும். அவர் கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று போனில் கணக்குப் போட்டு அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. நாற்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஒரு காலி மேஜையைச் சுற்றி நிற்கிற காட்சிதான் கண்ணுக்குள் ஓடியது.

பத்து மணி தாண்டியதும் அவள் பொறுமை போய்விட்டது. "போதும். டேங்க் அடியில ஏதோ கொஞ்சம் இருக்கும், பெட்ரோலுக்கு மாத்திண்டு போறேன்" என்று ஸ்விட்சை அமுக்கினாள். வண்டி இரண்டு தரம் இருமி, அணைந்தது. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள். கிளம்பவில்லை.

"அது வந்து..." என்று பத்ரிநாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஸ்டார்ட் ஆகறதுக்கு எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கணும்னு மெக்கானிக் சொன்னான். அவனுக்கென்ன, சொல்லுவான்னு நெனச்சேன்."

"மூணு வாரமா டெஸ்ட் பண்றேன், டெஸ்ட் பண்றேன்னு ஊரைச் சுத்தினேளே. ஒரு சொட்டு போடலையா?"

"போட்டா கணக்குத் தப்பாயிடுமே" என்றார் அவர்.

இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று கோதைக்குத் தெரியவில்லை. இறங்கி ஓடிப் பக்கத்து வரிசை ஆட்டோக்காரர்களைக் கெஞ்சினாள். அவர்கள் வண்டியிலும் கேஸ் இல்லை. இருந்தால் ஏன் நிற்கப் போகிறார்கள்? போனில் டாக்சி கூப்பிட்டாள். உடனே கிடைத்தது. நாலு கார் தள்ளி நின்ற ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தான்தான் அந்த டிரைவர் என்று காட்டினார். அவரும் கேஸ் போட்டுக்கொண்டுதான் வர முடியுமாம். பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, பத்ரிநாத் சட்டை நனைய வண்டியைத் தள்ளினார். தள்ளட்டும் என்று கோதை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏ.சி. நின்றுபோன வண்டிக்குள் உலை வைத்தது போல வெந்தது. புளித்த வாசனை வந்து திரும்பிப் பார்த்தாள். ஒரு வாளியின் மூடி மேலே எழும்பியிருந்தது. மாவு விளிம்பைத் தாண்டி, சீட் பெல்ட்டில் வழிந்து, சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மூடியும் சாய்ந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார் பத்ரிநாத். "அடடே, நன்னாப் பொங்கியிருக்கே!"

"ராத்திரி பொங்க வேண்டியது இப்பவே பொங்கிடுத்து! நாளைக் காலம்பற வாயில வைக்க முடியாது. இதை யார் கையில கொண்டுபோய்க் குடுப்பேன்?" சீட்டில் வழிந்த மாவைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

அந்த நேரம் பார்த்து கிருஷ்ணப்ரியா கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, டேபிளை எடுத்துட்டாங்க. இவ்ளோ நேரம் பாத்துட்டு எல்லாரும் ஆப்ல மாவு ஆர்டர் போட்டுட்டாங்க, உடனே வந்துருச்சு. நாந்தான் உங்களப் பத்தி அவ்ளோ சொல்லி வச்சிருந்தேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடறேன்மா. வண்டிதான் கொஞ்சம்..."

"பாக்கலாமுங்க ஆன்ட்டி."

அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று கோதைக்கு நன்றாகவே தெரியும். எத்தனை பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள்! நாற்பது வீடும் போயிற்று. இனிமேல் வராது.

ஒரு வழியாகப் பங்குக்குள் போய்ச் சேர்ந்தார்கள். "காகூ, காலி உத்ரா" என்று மராத்தியில் அவளைக் கீழே இறங்கச் சொன்னான் கேஸ் போடுகிறவன். கேஸ் ஏறும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. மாவு படிந்த கையோடு வெயிலில் நின்றாள். பத்ரிநாத் மீட்டரின் முள் ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் நிரம்பியது. கோதை சாவியைத் திருகினாள். கிளம்பவில்லை.

கேஸ்காரன் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே பெட்ரோல் பம்ப். ஒரு ஈ, காக்கா கிடையாது. பத்ரிநாத் தள்ளிக்கொண்டு போனார். பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்ப இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையில் அவள் கேட்டது அந்த இரண்டு நிமிஷத்தைத்தான். எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. விளக்குகள் வரிசையாகப் பச்சையில் எரிந்தன.

பத்ரிநாத் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். களைப்பாக இருந்தாலும் திருப்தியாக இருந்தார். "அப்பாடா, ஃபுல். இனிமே நாலு நாளைக்குக் கவலையே இல்லை. எங்க போகணும் சொல்லு, போகலாம்."

கோதை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே கேட்கிறார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எறங்குங்கோ."

"எதுக்கு?"

"வாளி நாலையும் எடுத்துண்டு எறங்குங்கோ. நம்மாத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ. நான் மெக்கானிக்கிட்ட போறேன். அந்தச் சனியனைக் கழட்டிப் போடச் சொல்றேன்."

அவர் ஒவ்வொரு வாளியாக இறக்கினார். நாலாவதை இறக்கும்போது அவர் கால்மேல் மாவு வழிந்தது. பின் கதவை மூடிவிட்டு, முன் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு, நடப்பது என்னவென்றே புரியாத முகத்தோடு குனிந்து அவளைப் பார்த்தார்.

"என்ன கோதை இது? இப்பதானே ஃபுல் பண்ணிருக்கோம்!"

கோதை எட்டி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தாள்.