ரசீது வேண்டாம் என்றவன்

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தேன். ஒருவனிடமும் பத்துக் காசு கடன் வாங்கியதில்லை. அது பெரிய குற்றம் என்று போன செவ்வாய்க்கிழமை வங்கியில்தான் தெரிந்தது.

"ஐயா, நீங்க எங்கேயும் கடன் வாங்கினதா பதிவே இல்லையே," என்றாள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்.

"நல்லதுதானேம்மா?"

"வாங்கினா திருப்பிக் கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லையில துப்பாக்கியைக் கையில கொடுத்தப்போ, திருப்பித் தருவியான்னு ஒருத்தனும் கேக்கல."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக் கடிதம் காட்டினால் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. என் மனைவிக்குப் பார்வை போய் ஏழு வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்குள் மட்டும் அவளுக்குக் கண் உண்டு. தானே சமைப்பாள், தானே துணி காயப்போடுவாள். வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால் மூலையில் மூட்டை மாதிரி உட்கார வேண்டியதுதான்.

"முன்னாள் படைவீரர்களுக்குப் புதுசா ஒரு வழி வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வருஷ வாடகை ரசீது இருந்தாப் போதும், கடன் தரலாம்."

பன்னிரண்டு வருடம் ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கொடுத்தவன் நான். கையில் ஒரு ரசீது கிடையாது. பட்டாளத்தில் ஒரு முறை, எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, கண்ணால் பார்க்காத இருபது போர்வைக்கு மூன்று மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்தேன். அதனால் வீட்டுக்காரர் ரசீது நோட்டை நீட்டி, "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றபோது, "ரசீதும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன்.

நேராக அவர் டயர் கடைக்குப் போனேன்.

"இப்ப எழுதிக் கொடுத்தா வரிக்காரன் என்னைப் பிடிப்பான், பட்டாளத்தாரே. நீங்க ரசீது வேண்டாம்னதும் கணக்குல காட்டாம விட்ட வாடகை அது."

"ரெண்டு வருஷத்துக்கு மட்டும் எழுதுங்க."

"அன்னைக்கு நான் நோட்டை நீட்டினப்போ என்னைத் திருடன் மாதிரி பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

அவர் காலைத் தொடக் குனிந்தேன். முட்டி பாதியில் பிடித்துக்கொண்டது. அவரே தூக்கிவிட்டார். தூக்கிவிட்டாரே தவிர, எழுதித் தரவில்லை.

வீட்டில் மறைக்காமல் சொன்னேன்.

"நீங்க யாரையும் நம்பல, சரி. நான் உங்களை நம்பித்தானே இருந்தேன்?" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டை அளக்க, வாங்கப்போகிறவரின் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போன பிறகு அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நாற்காலியை எவனோ இழுத்து நடுவில் போட்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இடித்துக்கொண்டாள்.

"யாருங்க இது?" என்று நாற்காலியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.