நூற்றொன்றாவது வரிசை

பத்து வருஷமாகக் குளியலறைகளில் டைல்ஸ் ஒட்டியே முட்டி தேய்ந்தவன் நான். முதல்முறையாக, நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒரு சுவர் கிடைத்தது. நூலகத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சின்னச் சதுர டைலில் தம் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு இரண்டையும் சேர்த்து மொத்தம் பத்தாயிரத்து நானூற்று மூன்று.

நூலகர் அம்மா கறாரானவர்.

"நாலு மூலையும் சரியா இருக்கணும். யார் பேரையும் வெட்டாதீங்க, விடாதீங்க. காலி டைலும் வேணாம், யார் பேரு விட்டுப்போச்சுன்னு கேள்வி வரும். எத்தனை வரிசைன்னு திங்கட்கிழமை சொல்லுங்க. இல்லன்னா காகிதத்துல அச்சடிச்சு ஒட்டிடறோம்."

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு என்ன கவலை? அவள் ஒரு தாள் நிறைய வகுத்துப் பார்த்துப் பேனாவை மூடினாள்.

"அது பகா எண்ங்க. எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஒரே வரிசையா ஒட்டுங்க, தெருமுனை வரைக்கும் போகும்."

"விளையாடாதே. நல்லாப் பாத்தியா?"

"ரெண்டுலேருந்து தொண்ணூத்தேழு வரைக்கும் அத்தனை பகா எண்ணாலயும் வகுத்தாச்சு. நான் சொன்னா சொன்னதுதான்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? ஆனால் அந்தச் சுவர் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை சோபாவை வாசலுக்குத் தள்ளிவிட்டு, வீம்புக்கென்றே டைல்களைக் கூடத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தேன். ஞாயிறு மதியம் முடிந்தது. வரிசைக்கு நூற்றிரண்டு வீதம் நூற்றிரண்டு வரிசை. கடைசி வரிசையில் மட்டும் ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று! அட கஷ்டகாலமே!

கடுப்பில் அந்தக் கடைசி வரிசையை அள்ளினேன். கையில் நூற்றொரு டைல். தரையில் மிச்சமிருந்ததும் நூற்றொரு வரிசை. அப்புறம் கைக்கே தெரிந்துவிட்டது. வரிசைக்கு ஒன்றாக ஓரத்தில் வைத்துக்கொண்டே போனேன். கச்சிதமாக மூடியது.

"டீச்சரம்மா, கொஞ்சம் இப்படி வாங்க."

வந்தாள். எண்ணினாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! நூத்தி ஒண்ணு தடவை நூத்தி மூணு! வகுப்புல மாட்டியிருக்கிற பகா எண் அட்டவணை நூறோட முடியுதுங்க, நானும் அங்கேயே நின்னுட்டேன். இன்னும் ஒரே ஒரு எண் போட்டுப் பாத்திருக்கணும்!"

"பரவாயில்ல, அடுத்த பரீட்சைல பாத்துக்கலாம்."

"ரொம்பத்தான் பேசறீங்க."

சுவரைத் திறந்த அன்று அவள் தன் பெயரைத் தேடினாள். மேலே தேடினாள், நடுவில் தேடினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நூலகர் அம்மாதான் காட்டிக்கொடுத்தார். நூற்றொன்றாவது வரிசை, நூற்று மூன்றாவது டைல், கீழ் மூலை. எந்தச் சண்டையிலும் இறங்கி வராதவள் அன்றைக்கு முட்டி போட்டுக் குனிந்தாள்.

"வேணும்னேதானே இங்க வெச்சீங்க?"

"பின்னே?"

சிரித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பக்கத்துல யாரு இது, இந்தக் கோணல் கையெழுத்து?"

"உன் புருஷன்தான்," என்றேன்.