கறுப்பு ஒயர்

கோதண்டபாணி வீட்டு ஒயரிங்கில் கெட்டிக்காரர். விருத்தாசலத்தில் பாதி வீடுகளில் விளக்கு எரிவது தன் புண்ணியத்தில்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். சூளையில் மீட்டர் மாட்டுவது மட்டும் புதிது. அதனாலென்ன, வாய் இருக்கிறதே! "எல்லாம் ஒயருதானங்க மொதலாளி" என்று சொல்லி வேலையை வாங்கிவிட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. கலியமூர்த்தி தன் பீங்கான் பட்டறையில் புதிதாகக் கேஸ் சூளை கட்டியிருந்தார். சிலிண்டர்களிலிருந்து குழாயில் ஓடும் கேஸை அளக்க ஒரு சென்சார். அளவைச் சிவப்பு எண்களில் காட்டச் சுவரில் ஒரு டிஸ்பிளே பெட்டி. வால்வு ஒழுகினால் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். கோதண்டபாணி மூன்று ஒயரையும் செருகி, ஸ்குருவை முடுக்கி, சுவிட்சைப் போட்டார். 0.0 என்று எரிந்தது.

"பாத்தீங்களா, சைபரு! ஒரு பொட்டு கேஸு உள்ள போவல."

அன்று வெள்ளிக்கிழமை, முதல் நெருப்பு. சூளையில் சாமான் அடுக்கும் பெண்களில் ஒருத்தி, பூசைச் சூடத்தில் பந்தம் கொளுத்திச் சூளைக் கண்ணில், நெருப்பு வைக்கும் துவாரத்தில், காட்ட வேண்டும் என்பது அந்தப் பட்டறை வழக்கம். அன்றைக்கு நீலாவதியின் முறை. நீலாவதி கோதண்டபாணியின் மனைவி.

கொளுத்துவதற்கு முன் அரை மணி நேரம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார் சூளை கட்டியவர். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது; அதற்குள் கொளுத்தியாக வேண்டும்.

"சைபருன்னுதான காட்டுது, கதவ எதுக்குத் தொறக்கணும்?" என்றார் கலியமூர்த்தி. கோதண்டபாணியும் பெருமையாகத் தலையாட்டினார்.

பூசை மணி அடிக்க ஆரம்பித்தது. கோதண்டபாணி மீட்டரோடு வந்த தாளை மடித்துப் பையில் வைக்கப் போனார். அதிலிருந்த படத்தில் கறுப்பு ஒயர் மூன்றாவது ஸ்குருவுக்குப் போயிற்று. அவர் மாட்டியிருந்தது இரண்டாவதில்! வீட்டு ஒயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக அதை மைனஸான இரண்டாவதில் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. இந்தச் சென்சாருக்கோ கறுப்புதான் சேதி சொல்லும் ஒயர். சேதியே வராமல் காட்டிய சைபரை நம்பியல்லவா கதவை மூடி வைத்திருக்கிறார்கள்!

அப்போதே கத்தியிருக்க வேண்டும். பாழாய்ப்போன மானம் விட்டால்தானே! எட்டுப் பேர் நிற்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரே சிரிக்கும். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தார். வேர்வையில் ஸ்குருடிரைவர் வழுக்கியது. கொளஞ்சியப்பா, நெசமாவே சைபரா இருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டார். மூன்றாவதில் இருந்த நீல ஒயரைக் கழற்றி இரண்டாவதில் செருகினார், கறுப்பை மூன்றாவதில்.

எண் எழும்பியது. 2.1. பிறகு 4.8.

முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் வாடை. நீலாவதி பந்தத்தைக் கொளுத்திவிட்டாள். ஓடினார். அவள் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கிக் களிமண் குழம்புத் தொட்டியில் முக்கினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கினார்.

"அடப்பாவி, சாமி நெருப்ப அணைச்சிட்டியே!" என்று கலியமூர்த்தி கையை ஓங்கினார். கோதண்டபாணி பெட்டியைக் காட்டினார். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. கலியமூர்த்தியே ஓடிப்போய் சிலிண்டர்களை மூடினார். சூளைக் கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அடிக்க, எல்லாரும் வெளியே ஓடினார்கள்.

"நல்ல வேள, நீ கவனிச்ச கோதண்டபாணி. இல்லன்னா இன்னிக்கு எல்லாரும் சாம்பலுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் கலியமூர்த்தி.

நீலாவதி முந்தானையைக் கிழித்துப் புருஷன் கையில் சுற்றினாள். ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"மணி அடிக்கும்போதே பெட்டியத் தொறந்து ஸ்குரு திருப்பிக்கிட்டு இருந்தீங்க. நான் பாத்தேன். அப்பவே தெரியுமாங்க?"

கோதண்டபாணி மற்றக் கையால் மீட்டர் தாளைப் பைக்குள் திணித்தார்.

நீலாவதி இரண்டாவது முடிச்சைப் போடவில்லை. கையை விட்டுவிட்டு எழுந்துபோய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.