பதினான்காம் அறையில் தங்கிவிட்ட குரல்

பேச்சுரிமை பற்றி மூன்று நூல்கள் எழுதிய சட்டப் பேராசிரியையின் குரல், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கல்லூரியின் பதினான்காம் அறையிலேயே தங்கிவிட்டது. அவள் மட்டும் வீடு போய்ச் சேர்ந்தாள். வகுப்புக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. காலையில் அவள் வந்து நாற்காலியில் உட்காருவாள், மேசையருகே நின்று குரல் பாடம் நடத்தும். மதச் சுதந்திரத்துக்குள் நம்பாதிருக்கும் சுதந்திரமும் அடங்கும் என்று அது விளக்கியபோது மாணவர்களோடு சேர்ந்து அவளும் குறிப்பெடுத்தாள். முதல்வர், வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். மாலையில் மட்டும் குரல் கிளம்ப மறுத்தது. "அந்த வீட்ல எனக்கு என்ன வேலை?" என்றது.

வீட்டில் பதினொரு நாள்வரை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. இருபத்திரண்டு வருடங்களாகத் தினமும் மாலை ஏழு மணிக்கு மாமியாரின் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்து, பிரார்த்திப்பதுபோல் உதட்டை அசைத்து வந்தாள். நம்பிக்கை இல்லை என்று சொன்னால் அந்த இடம் போய்விடுமோ என்று பயம். தாயில்லாமல் வளர்ந்தவளுக்கு அது பெரிய இடம்.

பன்னிரண்டாம் நாள் மாமியார் எதையோ கேட்க, அவள் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாள்: 'குரல் காலேஜில் இருக்கிறது.' மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, கூட்டிட்டு வரலாம்."

பதினான்காம் அறையில் குரல் சுற்றி வளைக்கவில்லை. "அத்தை, எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்ல."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றார் மாமியார். "நீ வந்த முதல் வாரமே தெரியும்டி. கண்ணை மூடிக்கிட்டு, 'மேற்படி நூல், பக்கம் நாப்பது. மேற்படி நூல், பக்கம் அறுபது'ன்னு அடிக்குறிப்பா முணுமுணுப்ப. அது எந்த வேதத்துல இருக்கு?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். பேசுறதைப் பத்திப் புஸ்தகம் போடுறவ நீதானே?"

குரல் சிறுத்துப்போனது. "இனிமே பக்கத்துல உக்காரக் கூடாதா?"

"உக்காரு. எனக்குச் சாஞ்சுக்க ஆள் வேணும். முணுமுணுக்காத, வேண்டிக்கிட்டது பாதியில மறந்துபோகுது."

பஸ்ஸில் மாமியார் மூன்று டிக்கெட் கேட்டார். மூன்றாவது ஆள் யார் என்ற நடத்துநரிடம் குரல் "நான்தான்" என்றது. அவர் கிழித்துக் கொடுத்தார்.

இப்போதும் ஏழு மணிக்கு அவள் மாமியாரின் பக்கத்தில் உட்காருகிறாள். அந்த நேரத்தில் குரல் அடுத்த அறையில் நான்காம் நூலின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கிறது. சத்தம் கூடினால் மாமியார் கண்ணைத் திறக்காமலே சுவரில் ஒரு தட்டுத் தட்டுவார்; அது பக்க எண்களை மெதுவாகச் சொல்லும்.