இருபதரைச் சுற்று

சக்கரத்தைப் பத்து முறை சுற்றினேன். வண்டிக்கு அடியில் ஓடும் நீளத் தண்டு இருபதரை முறை சுற்றியது. அதாவது, சக்கரம் ஒருமுறை சுற்றினால் தண்டு இரண்டு முறையும் ஒரு துளியும். அப்படி ஒரு கணக்கில் எந்தப் பிக்கப்புக்கும் பல்சக்கரம் கிடையாது என்று கடைக்காரர் ஜும்ஆ அடித்துச் சொல்லிவிட்டார்.

பாலைவன ஓரத்துச் சினா ஊரில் வியாழக்கிழமைச் சந்தை. ஆடு விற்கும் இடத்தைத் தாண்டினால் பழைய வண்டிச் சாமான் கடைகள். அதில் மூன்றாவது ஜும்ஆவுடையது. மேசைமேல் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களை வைத்திருந்தார். ஒன்று மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளத்தது. மற்றது கருத்த எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. நானும் என் தம்பி முஸல்லமும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வண்டியின் பின்னச்சு ஒரு மாதமாக ஊளையிடுகிறது. எண்ணெயை இறக்கியபோது இரும்புத்தூள் மின்னியது. இங்கே வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறக்கிறது. எங்கள் மணல்வெளிக் குடியிருப்பிலிருந்து பதினொரு பிள்ளைகளை நான்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதில் ஒருத்தி என் மகள். வேறு வண்டி கிடையாது. இன்று மதியம் ஜும்ஆ கடையைச் சாத்தினால் இனிச் சனிக்கிழமைதான் திறப்பார். சனிக்கிழமை விடிந்ததும் பட்டறையில் வண்டி ஏறும்போது சாமான் கையில் இருக்க வேண்டும். மாற்றித் தர மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

இரண்டு ஜோடியையும் தடவிப் பார்த்துவிட்டேன். சக்கரங்களைச் சுற்றும் பெரியதற்குக் கிரவுன் என்று பேர், நீளத் தண்டின் முனையில் இருக்கும் சிறியதற்குப் பினியன். இரண்டையும் சேர்த்துத் தேய்த்து, ஒன்றுக்கொன்று பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி அனுப்புவார்கள். எண் மாறியிருந்தால் ஜோடி கலைந்தது என்று அர்த்தம், மாட்டியதும் ஊளையிடும். இங்கே இரண்டு ஜோடியிலும் எண் பொருந்தியது. பல்லின் நடுவில் உரசல் தடம், ஓரத்தில் இல்லை. நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. சூட்டில் நீலம் பாரிக்கவில்லை. இரண்டுமே நல்ல சாமான்.

ஆனால் பளபளப்பதில் கிரவுனுக்கு நாற்பத்துமூன்று பல், பினியனுக்குப் பத்து. தண்டு நான்கு புள்ளி மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பிசுக்குப் பிடித்ததில் நாற்பத்தொன்றும் பத்தும். நான்கு புள்ளி ஒன்று. என் வண்டி வகைக்கு இரண்டு அளவும் வந்திருக்கிறது. கதவோரத் தகட்டில் எழுதியிருந்ததை மணற்காற்று என்றைக்கோ தின்றுவிட்டது. முன்னச்சில் இருப்பதும் பின்னச்சில் போடுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மணலில் கொஞ்சம் வழுக்கித் தப்பும். கெட்டித் தரையில் ஏதாவது ஒன்று முறியும், பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது.

"அச்சைத் தொறந்து பல்லை எண்ணிட்டு வந்திருக்கலாம்ல தங்கச்சி?" என்றார் ஜும்ஆ.

"மணல் பறக்கிற எடத்துல அச்சைத் தொறக்கவா? நாளைக்கு பேரிங்கும் உங்ககிட்டதான் வாங்கணும்."

"வாங்கினா நல்லதுதான!" என்று சிரித்தபடி பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திவிட்டுக் கஹ்வாக் காப்பியை ஊற்றினார். "பளபளன்னு இருக்கே, அதை எடு. நெறைய பேரு அதைத்தான் கேக்குறாங்க."

"எண்ணினது இவன்தான்," என்று முஸல்லமைக் காட்டினேன். "அடியில படுத்துத் தூங்கிட்டியாடா?"

"மூணு தடவ எண்ணினேன்கா! பின்னாடி ரெண்டு தடவ, முன்னாடி ஒரு தடவ. எல்லாம் இருபதரை. சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். நீ பத்துக்குப் பதிலா அஞ்சு சுத்தியிருப்ப."

"எனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும்."

"அப்ப வண்டிக்குத்தான் தெரியல."

ஜும்ஆ தாடியைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் ஜாக்கி போட்டுத் தூக்குனீங்களா?"

"ஜாக்கி மணல்ல எறங்கிடும் அண்ணே. எப்பவும் போலத்தான். ஒரு சக்கரத்துக்குக் கீழ தோண்டிட்டோம், அது தொங்குச்சு. மத்தது மணல்ல உக்காந்திருந்துச்சு."

"முப்பது வருசமா விக்கிறேன், பள்ளம் தோண்டிப் பல்லு எண்ணுனவங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முஸல்லமுக்குக் கிண்டல் செய்ய இன்னொன்று கிடைத்துவிட்டது. "தொங்குறது இவளுக்குப் பழக்கம்தான் அண்ணே. போன வாரம் மேட்டுல மாட்டினா. ஒரு சக்கரம் பேய் மாதிரி சுத்துது, இன்னொண்ணு அசையாம படுத்திருக்கு!"

பேரீச்சம்பழம் வாயருகே நின்றுவிட்டது. அந்த அசையாத சக்கரத்தின் பங்கு எங்கே போயிற்று? கிரவுன் சுற்றுவதை இரண்டு சக்கரங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடவும் உள்சக்கரம் குறைவாக ஓடவும் அந்த அமைப்பு. ஒன்று அடியோடு நின்றுவிட்டால் அதன் பங்கையும் மற்றதுதான் ஓட வேண்டும்.

"அண்ணே, கிரவுனோட முழுசா கோத்தது ஒண்ணு இருக்கா? ரெண்டு பக்கமும் சக்கரத் தண்டு செருகினது?"

மூலையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து இடுக்கியில் பொருத்தினார். ஒரு பக்கத் தண்டை முஸல்லமைப் பிடிக்கச் சொன்னேன். "விட்டுடாத, இதுதான் மணல்ல உக்காந்த சக்கரம்." மறுபக்கத் தண்டை நான் சுற்றினேன். கிரவுனின் ஒரு பல்லில் ஜும்ஆ சாக்பீஸால் குறி வைத்தார்.

நான் இரண்டு சுற்று சுற்றினேன். வெள்ளைப் பல் ஒரே ஒருமுறை வந்து போனது. நான்கு சுற்று, இரண்டு முறை. பத்துச் சுற்று முடித்தபோது ஜும்ஆ மெதுவாக, "அஞ்சு," என்றார்.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணினேன்!" என்று முஸல்லம் தண்டை விட்டுவிட்டுக் கத்தினான்.

"எண்ணின, எண்ணின. உக்காரு."

ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஊளை இறங்கிவிட்டது போல் இருந்தது. கஹ்வாவை ஒரே மடக்கில் குடித்தேன். பிசுக்குப் பிடித்த ஜோடியை என் பக்கம் இழுத்து, இரண்டிலும் கீறிய எண்ணை இன்னொருமுறை ஒப்பிட்டு, சாக்கில் போட்டேன். ஜும்ஆ பளபளப்பதைத் துடைத்து அலமாரியில் ஏற்றினார்.

ஒரு சக்கரம் தரையில் நின்றால், தொங்கும் சக்கரத்தின் பத்துச் சுற்று கிரவுனுக்கு ஐந்துதான். இருபதரையை ஐந்தால் வகுத்தால் நான்கு புள்ளி ஒன்று. கிரவுனில் நாற்பத்தொரு பல், பினியனில் பத்து.